ஷிப்ட் மாறும் நேரத்தில் ஏரிக்கரை

ராஜாத்திக்கும் திருமலைக்கும் கல்யாணமாகி ஆறு வருஷம். அவர்கள் குடித்தனம் நடத்தியதெல்லாம் ஓசூரில் ஓர் ஏரிக்கரையில்தான் என்றால் சிரிப்பீர்கள். ஆனால் அதுதான் நிஜம். பாப்பாவைப் பார்த்துக்கொள்ள ஒருவராவது வீட்டில் வேண்டுமே என்று ஆளுக்கொரு ஷிப்ட் வாங்கிக்கொண்டவர்கள் அவர்கள். அவளுக்கு முதல் ஷிப்ட். விடியும் முன்பே பஸ் ஏறிவிடுவாள். அவனுக்கு வேறொரு கம்பெனியில் இரண்டாவது ஷிப்ட். அவன் வீடு திரும்பும்போது தாயும் மகளும் அசந்து தூங்குவார்கள். வார லீவாவது ஒன்றாக வருமா என்றால் அதுவும் இல்லை. அவளுக்கு ஞாயிறு, அவனுக்கு வெள்ளி; அந்த நாளும் துவைக்க, ரேஷன் வாங்க என்று ஓடிவிடும்.

மதியம் அவளை இறக்கிவிடும் பஸ்ஸும் அவனை ஏற்றிக்கொள்ளும் பஸ்ஸும் நிற்பது அந்த ஏரிக்கரையில். இரண்டுக்கும் நடுவே அரை மணி நேரம். வீடு வரை போய்த் திரும்ப அது போதாது. அதனால் திருமலை பாப்பாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, தான் சமைத்ததைத் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு அங்கேயே வந்துவிடுவான். புங்கமரத்தடியில் உட்கார்ந்து அவள் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் சாப்பிடுவாள், அவன் பார்த்துக்கொண்டிருப்பான். ஊர்ச் சாக்கடை மொத்தமும் கலந்து, ஏரி அப்போது குடலைப் புரட்டும். அவர்கள் அதைக் கண்டுகொண்டதே இல்லை. உப்பு கூடிப்போச்சா என்று ஆரம்பிக்கிற பேச்சு எங்கெங்கோ போகும், சண்டையும் வரும், பஸ் வருவதற்குள் சமாதானமும் ஆகிவிடும்.

பிறகு ஏரியைச் சீரமைக்க வந்தார்கள். சுற்றிலும் தகரம் அடித்து மூடி, ஒன்றரை வருஷம் வேலை. சும்மா சொல்லக்கூடாது, நல்ல வேலை. சாக்கடையைத் திருப்பி, கோரையும் கல்வாழையும் நட்ட குட்டைகளில் தேக்கி, தண்ணீர் தெளிந்த பிறகே ஏரிக்குள் விட்டார்கள். கரையை சிமெண்டால் பூசாமல் மண்கரையாகவே பலப்படுத்தினார்கள். இருந்த மரம் ஒன்றைக்கூட வெட்டாமல், வளைந்து வளைந்து நடைபாதை போட்டார்கள். எங்கிருந்தோ நாரைகள் வந்து இறங்கின. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அப்படி இருந்தது.

அந்த ஒன்றரை வருஷமும் இருவரும் ரோட்டோரத்தில், லாரிப் புழுதியில் நின்றுதான் தூக்குப்போசியைக் கைமாற்றிக்கொண்டார்கள். நின்றுகொண்டு என்னத்தைப் பேசுவது? பேச்சு செல்போனுக்குப் போயிற்று. கேஸ் வந்ததா, பாப்பாவுக்கு மருந்து கொடுத்தாயா, அவ்வளவுதான். ஒருநாள் அடுத்த ஷிப்ட் ஆளிடம் இரண்டே வார்த்தையில் மெஷினை ஒப்படைத்துவிட்டு வரும்போது, புருஷனிடமும் இப்படித்தானே பேசுகிறோம் என்று ராஜாத்திக்குத் தோன்றியது. பாவம், பஸ்ஸிலேயே அழுதுவிட்டாள். ஏரி திறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

ஏரி திறந்தது. ஆனால் காலையிலும் மாலையிலும் மட்டும். மதியத்தில் கேட்டுக்குப் பூட்டு. அவள் போய்க் கெஞ்சிப் பார்த்தாள். வாட்ச்மேன் நல்ல மனுஷன்தான். நேரத்தை முடிவு செய்ய ஒரு கூட்டம் இருக்கிறது, அதில் வந்து சொல்லும்மா என்றார்.

கூட்டம் ஒரு சாயங்காலம் கேட்டுக்குப் பக்கத்தில் பந்தல் போட்டு நடந்தது. திருமலை ஷிப்டில் இருந்தான். ராஜாத்தி பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். ஏரி வேலையைப் பார்த்த இன்ஜினியர் பிரவீனா எல்லாரிடமும் கருத்துக் கேட்டார். தினமும் அங்கே நடக்க வருகிறவர்களுக்கெல்லாம் தலைவர் போன்ற பெரியவர் சென்னப்பன் எழுந்து, கன்னடமும் தமிழுமாகக் கலந்து பேசினார். மதியத்தில் திறந்தால் ஜோடி ஜோடியாக வந்து உட்கார்ந்துவிடுவார்கள், அப்புறம் குடும்பஸ்தர்கள் கால் வைக்க முடியாது என்றார். பந்தலே தலையாட்டியது.

ராஜாத்திக்கு எழுந்து பேசக் கூச்சமாக இருந்தது. தெருக்காரர்கள் நாலு பேர் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள். இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல முடியுமா? ஆனால் இப்போது விட்டால் விட்டதுதான். தூங்கிப்போன பாப்பாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு எழுந்தாள்.

"நாங்களும் ஜோடிதாங்க," என்றாள்.

பந்தலில் சிரிப்பு எழுந்தது. அவள் உட்காரவில்லை.

"தாலி கட்டுன ஜோடி. ஷிப்ட் மாறறப்ப அரை மணி நேரம் இங்க உக்காருவோம். எங்க வூட்டுக்காரரு மொகத்த நான் வெளிச்சத்துல நெதானமா பாக்கறது அப்ப மட்டுந்தாங்க. ஏரி நாறிக் கெடந்தப்பவும் தெனம் இங்கதான் உக்காந்தோம். இப்ப நல்லாயிருக்குது, எங்களுக்குப் பூட்டு."

யாரும் சிரிக்கவில்லை. சென்னப்பன் மறுபடியும் எழுந்தார். தன் மகனும் மருமகளும்கூட ஷிப்ட் வேலைக்காரர்கள்தான், அவர்கள் எப்போது பேசிக்கொள்கிறார்கள் என்று தான் யோசித்ததே இல்லை என்றார். சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகவும் சொன்னார். முடியுமா என்று பிரவீனா வாட்ச்மேனைப் பார்த்தார், அவர் தலையாட்டினார். வெளிச்சம் இருக்கிற வரைக்கும் திறந்தே வைக்கலாம் என்று முடிவாயிற்று.

திங்கட்கிழமை மதியம் இருவரும் உள்ளே போனபோது, பெஞ்சுகளில் ஏற்கனவே இரண்டு மூன்று ஜோடிகள் கம்பெனி யூனிஃபார்மோடு சோற்று டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்கள். இவர்களும் இடம் பார்த்து உட்கார்ந்தார்கள். அவள் பந்தலில் பேசியது கம்பெனி வரைக்கும் வந்துவிட்டதாம். லைனில் எல்லாரும் தன்னைக் கேலி செய்கிறார்கள் என்று திருமலை சொன்னான். குரலில் பெருமை வழிந்தது.

வெட்கத்தோடு அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். களியை எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. காதோரத்தில் நரை. ஒன்றிரண்டல்ல, ஒரு கொத்து. கன்னமும் ஒட்டிப்போயிருந்தது. இத்தனை நாளும் ஒரே வீட்டில்தான் இருந்திருக்கிறாள்.

"இது எப்பங்க வந்துச்சு?"

"எனக்கெப்புடித் தெரியும்? நீதான பாத்து சொல்லணும்," என்றான் திருமலை, லேசாக.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்து பெஞ்சில் ஆட்கள் இருக்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல், இடது கையால் அந்த நரையைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள். ரோட்டில் அவனுடைய பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது. திருமலை எழுந்திருக்கவில்லை.