கண்ணை மூடிக்கொண்டு சொன்னவை

"புதுசா வந்தவங்கள நீங்கதான் பாத்துக்கணும் சிஸ்டர்" என்று பாஸ்டர் சொன்னதும், ஜொகூர் பக்கத்து உலு திராமில் தன்னை விட்டால் ஆளில்லை என்று செல்வராணிக்குத் தோன்றிவிட்டது. பரம்பரைக் கிறிஸ்தவக் குடும்பம். அவள் ஜெபம் பண்ண வாயைத் திறந்தால் சோறு ஆறிப்போகும் என்று சபையில் சொல்வார்கள். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தாள்.

அவளிடம் ஒப்படைக்கப்பட்டவள் பிரேமலா. தொழிற்சாலை கேன்டீனில் சமைப்பவள், செல்வராணியைவிட மூத்தவள். கோவிலும் விரதமுமாக இருந்தவள், போன தீபாவளிக்குப் பிறகு சபைக்கு வரத் தொடங்கினாள். வாரம் ஒரு மாலை செல்வராணி வீட்டுச் சமையலறை மேசையில் இருவரும் வேதம் வாசித்தார்கள். வாசித்தது பிரேமலா. பேசியது செல்வராணி.

"வாய்விட்டு ஜெபம் பண்ண வரமாட்டேங்குது லா சிஸ்டர். என்ன சொல்றதுன்னே தெரியல."

"நான் பண்றதப் பாருங்கக்கா. அப்படியே புடிச்சுக்குங்க. மொதல்ல ஸ்தோத்திரம். அப்புறம் மத்தவங்களுக்காக, பேர் சொல்லி."

"பேர் சொல்லியா?"

"பின்ன? ஆண்டவர்கிட்ட விவரமா சொல்ல வேணாமா?"

விவரத்தில் செல்வராணியை மிஞ்ச முடியாது. யார் மகன் யாரை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போனான் என்பதுவரை பரலோகத்துக்குத் தெரியப்படுத்திவிட்டுத்தான் ஆமென் போடுவாள். வம்பு பேசுவது அவளுக்கு அறவே பிடிக்காது. வம்பு என்பது கண்ணைத் திறந்துகொண்டு பேசுவது.

அந்த வரிசையில் அதே சபையைச் சேர்ந்த ஷர்மைனும் வந்தாள். அவள் புருஷன் ஆலனுக்கு, தினமும் எல்லை தாண்டிப் போய்வந்த சிங்கப்பூர் வேலை போய்விட்டது. "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க ராணிக்கா, ஜெபத்துல மட்டும் வச்சுக்குங்க" என்று அழுதாள். செல்வராணி வாக்குத் தவறவில்லை. ஜெபத்தில்தான் வைத்தாள். பக்கத்தில் பிரேமலா இருந்தாள், அவ்வளவுதான்.

அந்த வெள்ளிக்கிழமை செல் குரூப் என்ற வீட்டு ஜெபக்கூட்டம் ஷர்மைன் வீட்டில். கூடம் நிறைய ஆட்கள். நடத்தியவர் மைக்கல்.

"பிரேமலா சிஸ்டர், இன்னிக்கு நீங்க ஜெபம் பண்றீங்களா?"

செல்வராணி அவள் முழங்கையை இடித்தாள். "பண்ணுங்கக்கா. சொல்லிக் கொடுத்தேன்ல."

பிரேமலா தொண்டையைச் செருமினாள். இடது கையை உயர்த்தினாள். அச்சு அசல் செல்வராணிதான். செல்வராணிக்குப் பூரிப்பில் கண் நிறைந்தது.

"அன்பின் பிதாவே, ஸ்தோத்திரம். ஆலன் தம்பியக் கண்ணோக்கிப் பாரும். சிங்கப்பூர் வேலை போயிடுச்சு. காலையில பேக்க மாட்டிக்கிட்டுக் கிளம்பி, எங்க போய் ஒக்காந்திருக்காருன்னு நீர் அறிவீர். ஷர்மைன் வெக்கத்துல மறைச்சு வச்சிருக்கு. அந்தப் பெருமைய ஒடையும் ஆண்டவரே."

ஆமென் சொல்ல ஒருவரும் இல்லை. ஆலன் எழுந்து அறைக்குள் போனான். ஷர்மைன் பிரேமலாவைப் பார்க்கவே இல்லை. செல்வராணியைப் பார்த்தாள்.

"தப்பா பண்ணிட்டேனா சிஸ்டர்?" என்றாள் பிரேமலா.

"அலமாக், ஐயோ, புதுசுதானே அவங்க, இன்னும் பழகல…" செல்வராணியின் வாய் அவளுக்கு முன்னால் ஓடிவிட்டது.

பிரேமலாவின் முகம் சுண்டிப்போனது. பையை எடுத்தாள். "எனக்கு இதெல்லாம் ஒத்துவராது சிஸ்டர். நாலு வார்த்தை பேசி ஒரு குடும்பத்தையே தலைகுனிய வச்சிட்டேன். இனிமே நான் வரல."

வாசலில் செருப்பைத் தேடினாள். இன்று இறங்கிப் போனால் இவள் எந்த சபையின் படியும் ஏறமாட்டாள் என்று செல்வராணிக்குத் தெரிந்தது. அத்தனை பேருக்கு முன்னால் எழுந்து நிற்க, முட்டிவலியைவிட அதிகமாக வேறேதோ தடுத்தது. எழுந்தாள்.

"நில்லுங்கக்கா. நீங்க தப்பா பண்ணல. நான் பண்ற மாதிரியே பண்ணீங்க. அதான் வெனை." திரும்பினாள். "நான்தான் சொன்னேன் ஷர்மைன். கண்ண மூடிக்கிட்டா எத வேணா சொல்லலாம்னு நெனச்சிட்டேன். என்ன மன்னிச்சிரு."

"மன்னிக்கப் பாக்கறேங்க்கா" என்றாள் ஷர்மைன். "ஆனா ஒங்களக் கையெடுத்துக் கும்பிடறேன், எங்களுக்காக மட்டும் இனிமே ஜெபம் பண்ணிடாதீங்க."

அவளும் அறைக்குள் போய்விட்டாள். யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். செல்வராணி தலையை மட்டும் ஆட்டினாள். சபைக்கு அது புதுமை.

வாசலுக்குப் போனாள். பிரேமலா ஒற்றைச் செருப்போடு நின்றிருந்தாள்.

"அடுத்த வாரம் வாங்கக்கா. நான் வாயத் தொறக்கல. நீங்க எனக்காக ஜெபம் பண்ணணும். என் கொறையெல்லாம் ஆண்டவர்கிட்ட சொல்லுங்க."

"விவரமாவா சிஸ்டர்?"

"விவரமா."

பிரேமலா மற்றச் செருப்பையும் தேடியெடுத்து மாட்டிக்கொண்டாள்.

"அப்ப வெள்ளனயே வந்துடறேன்" என்றாள். "நெறைய இருக்கு."