டிக்கியில் தலையணை

வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் குடையைத் தேடிக் காரின் டிக்கியைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே மகளின் சின்னத் தலையணை. அதன் மேல் கழுத்துவரை துண்டு போர்த்திப் படுக்க வைத்திருந்த துணி பொம்மை.

"சுண்டு, இது என்னடி?"

சுண்டுக்கு ஐந்து வயது. சுண்டெலி மாதிரி எந்நேரமும் எதையாவது கொறிப்பதால் வந்த பெயர். இப்போதும் பிஸ்கட்டைக் கொறித்துக்கொண்டே, "பொம்மை பழகிக்குதும்மா" என்றாள்.

"என்னத்தை?"

"டிக்கியில உக்கார. ரெண்டு பாப்பாவும் வந்துட்டா நான் அங்கதானே உக்காரணும்?"

அம்மாவின் வயிற்றில் இரட்டைக் குழந்தைகள். அந்தப் பழைய சின்னக் காரின் பின்சீட்டில் குழந்தை நாற்காலி இரண்டு வைக்கலாம். மூன்றாவதற்கு இடம் கிடையாது. பெரியவர்கள் சமையலறையில் பேசியதைச் சுண்டு எப்படியோ கேட்டுத் தன் கணக்கைத் தானே முடித்திருந்தாள்.

"லூசு, உன்னைப் போய் டிக்கியில வைப்போமா? பெரிய கார் வாங்கப் போறோம்."

"எப்போ?"

அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் கையில் அளவெடுக்கும் டேப்போடு ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

அவள் கணவருக்கு வீடுகளுக்கு அலமாரி செய்து பொருத்துகிற தொழில். தெருவில் அவருக்கு டேப் என்றே பெயர். கல்யாணமான புதிதில் அவள் உயரத்தை அளந்துதான் சமையல் மேடையைப் போட்டார். அப்போது அவளுக்கு அது பெருமையாக இருந்தது. இப்போது அதே டேப்பைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது.

ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டி வேண்டாம் என்று முதல் நாளே முடிவாகிவிட்டது. குடியிருப்பின் அடித்தளத்தில் இரண்டு தூண்களுக்கு நடுவே அவர்களுக்கு விட்டிருந்த இடத்தில் அது நுழையாது. ஆகவே அதைவிடச் சின்னதான காம்பாக்ட் எஸ்யூவி. அதில் எது என்பதில்தான் மாதங்கள் ஓடின. அவர் எந்த ஷோரூமுக்குப் போனாலும் முதல் வேலையாகக் கதவை ஒருமுறை சாத்திக் காதைத் தீட்டிக் கேட்பார். 'தப்' என்று கனமாக விழுந்தால் முகம் மலரும். 'டங்' என்றால், "தகர டப்பா" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். களிமண் நிறத்தில் நின்ற ஒரு வண்டியை அவள் கண்ணெதிரேயே அப்படித்தான் ஏறிக்கூடப் பார்க்காமல் தள்ளினார்.

அவளோ பகலெல்லாம் ஒரு கூரியர் கம்பெனியில் புகார் வாங்கும் போனுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவள். தொலைந்த பார்சலுக்காகக் கத்துகிறவர்களிடம், "உங்க வருத்தம் புரியுதுங்க" என்று சொல்லிச் சொல்லியே வாய் தேய்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்து தன் வருத்தத்தைச் சொல்லத் தெம்பு இருப்பதில்லை. சொன்னாலும், நமக்காகத்தானே இந்த மனுஷன் அலைகிறார், நாம்தான் சிடுசிடுக்கிறோமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாலில் ரம்பச் சத்தம் கேட்டது. 'தப்' என்று மூடிய கதவுள்ள வண்டி ஒன்றை அவர் கடைசியில் தேர்ந்தெடுத்துவிட்டார். அதன் பின்சீட்டுப் பகுதியை அளந்து வந்து, அதே அளவில் பிளைவுட்டில் ஒரு சீட்டும் இரண்டு பக்கமும் பலகைச் சுவரும் அடித்துக்கொண்டிருந்தார். புதிதாக வாங்கிய இரண்டு கைக்குழந்தை நாற்காலிகளையும் நடுவில் சுண்டுவின் நாற்காலியையும் வைத்தார். அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்தன.

"பார்த்தியா? விரல் நுழைக்க இடமில்லை, ஆனா இடிக்கவும் இல்லை."

டாக்சி ஓட்டும் அவள் தம்பி வந்து அந்தப் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"அக்கா, மாமா கார் வாங்கறாரா, இல்ல காருக்குச் சட்டை தைக்கறாரா?"

"நீ சும்மா இருடா. அவர் காதுல விழுந்தா அதுக்குப் பொத்தானும் தைப்பார்."

"விழுந்துச்சு, விழுந்துச்சு" என்றார் டேப், ஆணிகளைப் பல்லில் கடித்தபடி. "மாப்ளே, உன் டாக்சியில மூணு நாற்காலி வைக்க முடியுமா, சொல்லு பார்ப்போம்."

அன்று முதல் சுண்டு அந்தப் பெட்டியின் நடுநாற்காலியில் உட்கார்ந்துதான் சாப்பிட்டாள். டிக்கித் தலையணையை மட்டும் எடுக்க மறுத்தாள். "நிஜக் கார் வரட்டும்" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை மூன்று நாற்காலிகளையும் தூக்கிக்கொண்டு, தம்பியும் சேர்ந்து நால்வரும் ஷோரூமுக்குப் போனார்கள். பல கம்பெனி வண்டிகளை ஒரே கூரையின் கீழ் நிறுத்தியிருந்த பெரிய இடம். விற்பனைப் பையன் குளிர்ந்த தண்ணீர் கொடுத்தான். டேப் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்று, ஒவ்வொரு நாற்காலியாகப் பின்சீட்டில் பொருத்தினார். மூன்றும் உட்கார்ந்தன. சுண்டு நடுவில் ஏறிக் காலை ஆட்டினாள்.

"சாத்து மாப்ளே."

தம்பி ஒரு பக்கக் கதவைச் சாத்தினான். 'தப்'. நடுநாற்காலி லேசாக நகர்ந்தது. இந்தப் பக்கக் கதவை டேப் சாத்தினார். அது மூடிக்கொள்ளவில்லை. மறுபடி தள்ளினார். இடுப்பால் தள்ளினார். நாற்காலியில் முட்டிக் கதவு திரும்பி வந்தது.

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் சார்" என்றான் விற்பனைப் பையன்.

"யாரை அட்ஜஸ்ட் பண்ண?" என்று அவள் சீறினாள். "எந்தப் பிள்ளையை?"

சுண்டுவின் கால் ஆடுவது நின்றது. யாரும் சொல்லாமலே கீழே இறங்கி வந்து அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டாள். "நான் டிக்கியிலேயே உக்காந்துக்கறேன்ம்மா. பரவாயில்லை."

அந்தப் பரவாயில்லையைக் கேட்டதும் அவள் சுண்டுவை இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டாள். கால்கள் வேறு கடுத்தன. ஓரத்து நாற்காலியைத் தூக்கிக் கணவரின் கையில் திணித்துவிட்டு, காலியான இடத்தில் பொத்தென்று உட்கார்ந்து கதவை இழுத்துச் சாத்தினாள். கதவில் கை வைக்கும் மெத்தைத் திண்டு அவள் வயிற்றின் பக்கவாட்டில் வந்து இடித்தது. கதவைத் திறந்து பார்த்தாள். மறுபடி சாத்தினாள்.

"என்னங்க, இந்தக் கதவுக்கு என்னை மாதிரியே வயிறு இருக்கு."

"என்னது?"

"உள்பக்கம் எவ்வளவு புடைச்சிருக்கு பாருங்க. நீங்க கதவைத் திறந்து வெச்சுக்கிட்டா அளந்தீங்க?"

"பின்ன? எந்தப் பெட்டியையும் அப்படித்தானே அளக்கணும்? கதவு வெளியில வந்து படியும்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். எத்தனையோ வருஷமாக அலமாரிக் கதவுகள் எல்லாம் சமர்த்தாக வெளியிலேயேதான் படிந்தன.

"இது அலமாரியா?"

"இல்லைதான்" என்றார், காதில் விழாத குரலில்.

"மாமா, அந்தச் சட்டைக்குக் கை வெக்க மறந்துட்டீங்க" என்றான் தம்பி. ஒரு பார்வை பார்த்தாள், அடங்கினான்.

அந்தக் கனமான, தடித்த கதவின் 'தப்' சத்தம்தான் இவ்வளவு இடத்தையும் விழுங்கியிருக்கிறது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. விறுவிறுவென்று ஷோரூமின் மூலைக்கு நடந்தாள். அவர் அன்று 'டங்' என்று தள்ளிய களிமண் நிறத்து வண்டி அங்கே தூசியோடு நின்றது.

"மேடம், அது அவ்வளவா யாரும் கேக்கறதில்லை" என்று பின்னாலேயே ஓடிவந்தான் விற்பனைப் பையன்.

"நான் கேக்கறேன்."

"அதெல்லாம் தகர டப்பாம்மா" என்றார் கணவர்.

"சரி. டப்பாவுக்குள்ள ஏறுங்க. ரெண்டு கதவையும் சாத்திட்டு அளங்க."

அவர் ஏறினார். எதிர்ப்பக்கம் சுண்டு டேப்பின் நுனியைக் கதவில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். 'டங்', 'டங்' என்று கதவுகள் மூடிக்கொண்டன. ஒவ்வொரு 'டங்'குக்கும் அவர் முகம் மிளகாயைக் கடித்த மாதிரி ஆனது. டேப்பைப் பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு இறங்கி, மூன்று நாற்காலிகளையும் கொண்டுவந்து பொருத்தினார். இரண்டு கதவுகளும் மூடிக்கொண்டன.

"இதுல இடிச்சா தாங்குமா?" என்று விற்பனைப் பையனைக் கேட்டார்.

"மோதல் சோதனையில ரெண்டுக்கும் ஒரே மார்க்குதான் சார்."

"இந்தச் சத்தத்தை ஆயுசு முழுக்கக் கேக்கணுமா?" இது மனைவியிடம்.

"கேளுங்க. நான் தினம் எத்தனை சத்தம் கேக்கறேன்! உங்க வருத்தம் புரியுதுங்க."

தம்பிதான் முதலில் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. இது காட்சிக்கு நிறுத்தியது, புது வண்டி கைக்கு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்று விற்பனைப் பையன் சொன்னபோது அவளுக்கு அழுகையே வந்தது. இந்த வண்டி முதலிலிருந்தே இந்த மூலையில்தான் நின்றது. இப்போது வண்டி முதலில் வருமா, பாப்பாக்கள் முதலில் வருமா என்பது கடவுளுக்கே வெளிச்சம். கையெழுத்துப் போடும்போது கணவர் பேனாவைப் பிடித்தபடி, "நான்தான் மசமசன்னு இருந்துட்டேன்" என்றார். அவள் பேனாவின் மூடியை மட்டும் கழற்றிக் கொடுத்தாள்.

வீட்டு வாசலில் நாற்காலிகளை இறக்கிய பிறகு சுண்டு பழைய காரின் டிக்கியைத் திறக்கச் சொன்னாள். எட்டித் தலையணையை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டாள். பொம்மையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். துண்டை அதன் கழுத்துவரை இழுத்து இன்னொருமுறை சரியாகப் போர்த்திவிட்டாள்.

"அதையும் எடுத்துக்கோடி. அதான் உனக்கு இடம் கிடைச்சாச்சே" என்றாள் அம்மா.

"கார் வரட்டும்மா" என்றாள் சுண்டு. "அப்பா மறுபடி அளந்தாலும் அளப்பாரு."