மேசைக்கு அந்தப் பக்கம்

"அந்தப் படத்தைப் பக்கத்துலேருந்து எடுத்துடு, எங்கம்மாகிட்ட மன்னிப்புக் கேளு"... சொல்லியாகிவிட்டது, மெழுகுவர்த்தி கையில் இருக்கும்போது யாரிடமும் எதையும் கேட்கக் கூடாது, மனசில் பட்டதைச் சொல்லிவிட்டு அடுத்த கைக்குக் கொடுத்துவிட வேண்டும், மற்றவர்கள் பதில் பேசாமல் ஆமோதிப்பாக விரலைச் சொடுக்குவார்கள், எங்கள் கல்லூரிச் சேவைச் சகோதர மன்றத்தில் சண்டை தீர்க்கிற லட்சணம் இதுதான், சேர்ந்த அன்றைக்கே கொரின் படித்துப் படித்துச் சொன்னாள், என்னைப் பழக்க மன்றம் ஒதுக்கிய மூத்தவள், "வருத்தமா இருக்குன்னு சொல்லு டெல்லா, இதைச் செய்யுன்னு மட்டும் கேட்டுடாத." ஏன், கேட்டால் என்ன? எத்தனை சண்டையைச் சொடுக்கிச் சொடுக்கியே மூடியிருக்கிறார்கள்... பிரெஸ்டன் சிரிக்கிறான், சேவைப் பொறுப்பாளன், சனிக்கிழமை தேவாலயத்தில் இலவச மளிகை கொடுத்தபோது இவன்தான் படம் பிடித்து மன்றத்து இணையப் பக்கத்தில் போட்டான், முன்னால் நீலச் சட்டையில் பல்லைக் காட்டிக்கொண்டு நாங்கள், பின்னால் பீன்ஸ் டப்பாக்களை மார்போடு அணைத்தபடி அம்மா, வேலை பார்க்கிற மோட்டலின் சீருடையைக்கூட மாற்றாமல்...

"பிரதர், உங்கம்மான்னு எனக்கெப்படித் தெரியும்?" இங்கே பெண்ணும் பிரதர்தான். "வேற யாரோட அம்மான்னா பரவால்லையா, பிரதர்?" ஒரு விரலும் சொடுக்கவில்லை. "மெழுகுவர்த்தியக் கொடுத்துடு, ப்ளீஸ்" என்று கொரின் என் முழங்கையைப் பிடிக்கிறாள், கொடுக்க மாட்டேன், மெழுகு உருகி விரலில் ஒட்டட்டும். "சரி, முகத்த மறைச்சுடறேன், போதுமா? நாம நல்லதுதானே செய்யறோம்?" முகம் இல்லாத அம்மா... அதுதானே இவனுக்கு வேண்டியது, டப்பா பிடிக்க இரண்டு கை. "மறைக்காத. எடுத்துடு." குரல் நடுங்கவில்லை, எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வந்தவள், நன்றி சொல்லியே பழகிய வாய், ஆனாலும் நடுங்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே கைபேசியில் படத்தை நீக்கிவிட்டான். மன்னிப்பு? கூரையைப் பார்க்கிறான். சரி. "வர்ற சனிக்கிழமை நான் நீலச் சட்டை போட்டுக்கிட்டு மளிகை கொடுக்க வரல, மேசைக்கு அந்தப் பக்கம் அம்மாகூட வரிசையில நிப்பேன். என் தட்டும் காலிதான். முடிஞ்சா என் முகத்தப் பாத்துப் பையக் கொடு."

மெழுகுவர்த்தியைக் கொரின் கையில் திணித்துவிட்டு நடக்கிறேன், பின்னால் யாரோ ஒருத்தர் சொடுக்குகிறார், காலம் கடந்த சொடுக்கு, திரும்பவில்லை, கதவைத் தள்ளினால் ஒஹாயோக் குளிர் கன்னத்தில் அறைகிறது, நிற்கத்தான் போகிறேன், அதில் மாற்றமில்லை... ஆனால் அம்மா அந்தப் படத்தைப் பார்த்தாளா, பார்த்திருந்தால் கூனிக்குறுகினாளா, இல்லை, கூசியது நான் மட்டும்தானா, இதை ஏன் இதுவரை அவளிடம் கேட்கவே இல்லை?