இமைத்தால் விழும் லென்ஸ்

வீட்டில் விழாத லென்ஸ் வேலையிடத்தில் மட்டும் ஏன் விழுகிறது என்று சின்னவளுக்குப் பிடிபடவில்லை. ஞாயிறன்று ஆறு மணி நேரம் போட்டிருந்தாள். துணி துவைத்தாள், குனிந்து தரை துடைத்தாள், இரண்டு முறை தும்மக்கூடச் செய்தாள். அசையவில்லை. திங்கள் காலை தொழிற்சாலையில் விளக்கு முன் உட்கார்ந்து பத்து நிமிடம் ஆகியிருக்காது, ஒரு முறை இமைத்தாள். வலது கண் லென்ஸ் கன்னம் வழியாக மடியில் விழுந்தது.

ஊசி மருந்துக் குப்பிகளைப் பார்த்து அனுப்புவது அவள் வேலை. குப்பியை விளக்கடியில் சுழற்றி, முதலில் கறுப்புப் பலகை முன் பிடிக்க வேண்டும். வெள்ளை நூலிழை இருந்தால் தெரியும். பிறகு வெள்ளைப் பலகை முன். கறுப்புத் துகள் தெரியும். ஆனால் இரண்டு ஆண்டுகளாக ஒரு விளக்கு அவளுக்கு ஐந்து விளக்காகத் தெரிந்தது. பந்துபோல் உருண்டையாக இருக்க வேண்டிய கருவிழி மெலிந்து கூம்பாகப் பிதுங்கியிருந்தது. வளைந்து போகும் மெத்தென்ற லென்ஸ் அந்தக் கூம்பின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும். அவள் போட்டிருந்த கெட்டி லென்ஸ் வளையாது. அதற்கும் விழிக்கும் நடுவில் உள்ள பள்ளம் மேட்டைக் கண்ணீர் நிரப்பிக்கொள்ளும். வெளிச்சத்துக்குக் கண் மறுபடியும் உருண்டையாகிவிடும்.

செவ்வாயன்று லென்ஸ் குப்பித் தட்டுக்குள்ளேயே விழுந்தது. தட்டு முழுவதையும் ஒதுக்க வேண்டியதாயிற்று. பூதக்கண்ணாடி என்று எல்லோரும் பட்டப்பெயர் வைத்திருந்த மேற்பார்வையாளர் வந்து நின்றார்.

"ஏம்மா, மருந்துல தூசி கெடக்கான்னு பாருன்னா நீ கண்ணையே கழட்டிப் போடுறியே!"

வரிசையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை ரெண்டு மணி நேரம் என் முன்னாடி உக்காரணும். விழுந்துச்சுன்னா அதோட சரி. உங்க அக்காவுக்கும் இதேதான் சொன்னேன்."

அக்கா ஏழு ஆண்டுகளுக்கு முன் இதே விளக்கு முன்னாலிருந்து, இதே நோயால் அனுப்பப்பட்டவள். அதன் பிறகு ஒருநாள் அவளுடைய ஒரு கருவிழிக்குள் நீர் கோத்து, வேகவைத்த முட்டைபோல் வெளுத்தது; பின்னாலேயே மற்றதும். இரண்டு கண்ணிலும் வைத்த மாற்றுக் கருவிழிகள் மங்கிப்போயின. இப்போது ஜன்னல் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியும். லென்ஸ் நோயை நிறுத்தாது, இருக்கிற வரைக்கும் பார்வை கொடுக்கும், அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"நான் லென்ஸ் போட்ட நாலாம் நாளே தூக்கி எறிஞ்சேன். நீ வாரம் தாண்டிட்டே, கெட்டிக்காரிதான்" என்றாள் அக்கா. பாராட்டா குத்தலா என்று தெரியவில்லை.

சின்னவள் ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தாள். குளிர்காற்றோ என்று இடம் மாறி உட்கார்ந்தாள், விழுந்தது. கண் காய்கிறதோ என்று சொட்டு மருந்து விட்டாள்; விழுந்தது. இமைக்காமலே இருந்து பார்த்தாள். மணல் அள்ளிப் போட்டதுபோல் எரிந்து, கடைசியில் இமைத்ததும் விழுந்தது. புதன்கிழமை விடுப்பு எடுத்து லென்ஸ் பொருத்துபவரிடம் போனாள். அவர் மஞ்சள் சாயம் விட்டு விளக்கில் பார்த்தார்.

"அளவு கச்சிதம்மா. இங்க விழ மாட்டேங்குதே, நான் என்னத்தச் சரி பண்ண?"

வியாழன் மாலை வலது கண் லென்ஸ் டப்பாவுக்குள்ளும் இடது கண் லென்ஸ் கண்ணிலுமாக வீடு வந்தாள். வழக்கமாக வந்ததும் தலையை அவிழ்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. அன்று உறுத்தல் தாங்காமல் நேரே கண்ணாடி முன் போனாள். கழற்றும் முறை எளிது. கண்ணை அகல விரித்து, வெளிக்கோடியை விரலால் காதுப் பக்கம் இழுத்துப் பிடித்து இமைக்க வேண்டும். தோல் விறைப்பதால் இமையின் ஓரம் லென்ஸுக்கு அடியில் புகுந்து அதை நெம்பித் தள்ளும்.

விரலைத் தூக்கும் முன்பே இமைத்துவிட்டாள். லென்ஸ் உள்ளங்கையில் விழுந்தது.

அப்படியானால் இழுத்தது யார்?

கண்ணாடியில் பார்த்தாள். இரண்டு கண்ணின் வெளிக்கோடியும் காதை நோக்கி ஏறியிருந்தன. தொப்பிக்கு வெளியே ஒரு முடி வரக்கூடாது என்பது தொழிற்சாலை விதி. அதற்காக வேலைக்குப் போகும் நாளெல்லாம் காலையில் தடவித் தடவியே இறுக்கிப் பின்னிவிடுவது அக்கா. அந்த வீட்டில் அவளுக்கு மிச்சமிருந்த ஒரே வேலை அது.

பின்னலை அவிழ்த்து, லென்ஸைப் போட்டு, இருபது முறை இமைத்தாள். நின்றது.

"க்கா, இப்போ பின்னிவிடேன்."

"விளக்கு வைக்கிற நேரத்துல என்னடி அலங்காரம்? மாப்பிள்ளை பார்க்க வராங்களா?"

பின்னி முடித்ததும் இமைத்தாள். விழுந்தது. அவிழ்த்தாள், நின்றது. மூன்று தடவை அப்படியே. அதற்கு மேல் மறைக்க முடியாமல், பின்னலின் இறுக்கம்தான் லென்ஸைத் தள்ளுகிறது என்று சொன்னாள்.

அக்காவின் கை சீப்போடு நின்றது.

"எனக்கும் இமைச்சாத்தாண்டி விழுந்துச்சு" என்றாள். "அப்போ நானேதான் பின்னிக்குவேன். இதைவிட இறுக்கமா."

 இனிமேல் நானே பின்னிக்கொள்கிறேன் என்று சின்னவள் வாயெடுத்தாள்.

"பேசாம உக்காரு" என்றாள் அக்கா.

தளர்த்திப் பின்னினால் தொப்பிக்கு வெளியே முடி பிதுங்கியது. அக்காவின் கைக்கோ இறுக்கித்தான் பழக்கம். நாலாவது தடவைதான் சரியான அளவு கிடைத்தது. வெள்ளிக்கிழமை பூதக்கண்ணாடி கடிகாரத்தோடு பக்கத்தில் நிற்க, இரண்டு மணி நேரம் பயமில்லாமல் இமைத்தாள். இரண்டு லென்ஸும் இருந்த இடத்திலேயே இருந்தன. வழி இதுதான்: பின்னும்போது இரண்டு நெற்றிப்பொட்டுக்கு மேலும் முடிக்கு அடியில் சின்னவள் இரண்டிரண்டு விரலை நுழைத்து வைத்திருப்பாள், அக்கா எப்போதும்போல் இறுக்கி முடிச்சுப் போடுவாள், பிறகு விரல்களை உருவிவிட வேண்டும். விரல் கனம் அளவுக்கு முடி தளர்ந்து நிற்கும், தொப்பிக்குள் அடங்கும், கண்ணோரத் தோலை இழுக்காது.