வடக்கே தலை வைத்தவள்

என் மனைவி செண்பகவல்லியின் கூந்தலிலிருந்து வடதுருவ ஒளி வருகிறது. பத்து நாட்களாயிற்று. முதலில் பச்சை. நேற்றிலிருந்து சிவப்பு.

தப்பு அவளுடையதுதான். வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாது என்று எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். அவள் படுத்தாள். ஜன்னல் அந்தப் பக்கம் இருக்கிறதாம், காற்று வருகிறதாம். நான் சாஸ்திரப்படி தெற்கே தலை வைத்தேன். ஒரே கட்டிலில் பத்து நாட்களாக அவள் பாதங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஒளி அழகாகத்தான் இருந்தது. காயப்போட்ட புடவை போலக் கூரையில் அசைந்தது. அக்கம்பக்கத்தார் வரிசையாக வந்து பார்த்து, காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

இன்று காலை ஒளி அலுவலகத்திலிருந்து ஜெசிந்தா மேடம் வந்தார். அளவு நாடாவைத் தலைமாட்டில் வைத்து இழுத்தார். நாடா கூரை வழியாகப் போய்க்கொண்டே இருந்தது.

"பச்சையா இருக்கும்போதே சொல்லியிருக்கணும் சார். பச்சைன்னா நூறு கிலோமீட்டர். சிவப்புன்னா இருநூறுக்கு மேல. வீட்டம்மா போயிட்டிருக்காங்க."

"கட்டில்லதானே இருக்கா?"

"கட்டில்ல இருந்துக்கிட்டுதான் சார் எல்லாரும் போறாங்க."

சூரியன் துகள்களை வீசுகிறது, பூமி ஒரு காந்தம், அவற்றை வடக்கே இழுக்கிறது, அவை மோதினால் காற்றிலுள்ள ஆக்சிஜன் ஒளிர்கிறது என்றார். பச்சைக்கு ஒரு நொடி போதும். சிவப்புக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஆகும்.

"பேச்சும் இனிமே அப்படித்தான் வரும்."

உண்மைதான். காலையில் தோசைக்கு என்ன சட்னி என்று கேட்டேன். தோசை கருகிய பிறகு, "தக்காளி" என்றாள்.

"தெக்க திரும்பிப் படுத்தா இறங்கிடுவாங்க. ஆனா அவங்களே சம்மதிச்சுக் கையெழுத்துப் போடணும்." மேடம் படிவத்தை நீட்டினார்.

"செண்பகம், இந்தப் பக்கம் திரும்பிப் படும்மா," என்றேன். பிறகு எல்லோரும் காத்திருந்தோம்.

"வேண்டாங்க. இங்க அழகா இருக்கு."

முப்பத்தொரு வருடம். அவள் இல்லாமல் எனக்கு ஒரு சட்னியைக்கூட முடிவு செய்யத் தெரியாது. மிகவும் பயமாக இருந்தது.

என் தலையணையை எடுத்து வடக்கே போட்டேன். வடக்கே தலை வைத்தால் மரணம் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். ஜெசிந்தா மேடம் பையில் இன்னொரு படிவத்தைத் தேடினார்.

"செண்பகம், நானும் வரட்டுமா? இடம் இருக்கா?"

ஒரு நிமிடம் ஆயிற்று. கூரை சிவந்துகொண்டிருந்தது. இரண்டாவது நிமிடமும் ஆயிற்று.

"உங்களுக்கு இடம் விட்டுத்தானே பத்து நாளா ஓரமாப் படுத்திருக்கேன்," என்றாள்.