வெளிவாசல் வழியாக

"நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே ஒரு தடவை போயிட்டு வரலாமா?"

"குழந்தையை யார்கிட்ட விட்டுட்டு?"

"இங்க வேலை செய்யறவங்களே பாத்துக்கறோம்னு சொல்றாங்க. மூணு நிமிஷம்தானே?"

"மூணு நிமிஷமோ முப்பது நொடியோ, அவளை விட்டுட்டு உங்ககூட எதிலேயும் ஏற மாட்டேன். இனிமே இதைக் கேக்காதீங்க."

எட்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு கேளிக்கைப் பூங்காவில் நானும் என் கணவரும் பேசிக்கொண்டது இது. மகளுக்கு அப்போது நான்கு வயது. 'இனிமே கேக்காதீங்க' என்றால் நிஜமாகவே கேட்காமல் இருந்துவிடுகிற மனிதர் அவர். லிஃப்ட் மெக்கானிக். ஒரு பட்டனை ஒரு தடவை அழுத்தினால் போதும், சும்மா சும்மா அழுத்துகிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு முறை வந்துவிட்டது. மகள் ஏறக்கூடிய சவாரிகளில் அவளை நடுவில் உட்காரவைத்து மூவரும் ஏறுவோம். அவள் ஏற முடியாதவற்றில் முதலில் அவர், அவர் திரும்பி வந்ததும் நான். ஆக, வருஷத்துக்கு ஒரு பூங்கா என்று போய்க்கொண்டிருக்கிற எனக்கு, தலைகீழாகத் தொங்கிய நேரமெல்லாம் பக்கத்தில் யாரோ ஒருவர்தான். ஒருமுறை ஆறடி உயர ஆசாமி ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு "அம்மா, அம்மா" என்று அலறினார். இறங்கியதும் "தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். பெற்ற பிள்ளைகூட என்னை அவ்வளவு உருக்கமாகக் கூப்பிட்டதில்லை.

சொன்ன மறுவருஷமே எனக்கு மனசு மாறிவிட்டது. ஆனால் என் வாயால் போட்ட பூட்டை எப்படித் திறப்பது? கேட்டால் என்ன அர்த்தம்? மகள் இல்லாமலும் எனக்கு ஒரு சந்தோஷம் வேண்டும் என்று அர்த்தம். அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

இந்த வருஷம் வந்திருக்கும் பூங்கா புதியது. காலையில் டிக்கெட் கிழிக்கும் இடத்திலேயே மகள் வேலையை ஆரம்பித்துவிட்டாள். சாய்வுப் பாதை எங்கே, கழிப்பறைக் கதவு எவ்வளவு அகலம், வீல்சேர் திரும்புமா என்று அடுக்கடுக்காகக் கேள்வி. இதனால்தான் அவளுக்கு 'அதிகாரி' என்று அவள் அப்பா பேர் வைத்திருக்கிறார்.

"அதிகாரி, மாட்டின பூங்காவையெல்லாம் இழுத்து மூடிடாதே. நாங்க காசு கொடுத்திருக்கோம்."

"குறை இருந்தா சொல்லத்தான் செய்வேன். நீங்க மட்டும் ஊர்ல இருக்கற லிஃப்டுக்கெல்லாம் காது வெச்சுக் கேக்கறீங்களே?"

பிறந்ததிலிருந்தே அவளுடைய கால்கள் இரண்டும் அவள் பேச்சைக் கேட்பதில்லை. வாய் மட்டும் யார் பேச்சையும் கேட்பதில்லை.

படகு சவாரியில் பொறுப்பாளர் என்னிடம் குனிந்து, "பாப்பாவால தானா உக்கார முடியுமாங்க?" என்று ரகசியமாகக் கேட்டார்.

"பாப்பாகிட்டயே கேளுங்க. பாப்பாவுக்குக் காது நல்லாவே கேக்கும்," என்றாள் மகள்.

அவர் வெட்கப்பட்டுச் சிரித்து, அவளிடமே திரும்பக் கேட்டார். அதன் பிறகு அந்தப் படகில் எங்களுக்கு ராஜ மரியாதை. தண்ணீர் வாரியடித்தபோது அப்பாவை முன்னால் தள்ளி, அவர் முதுகை மறைப்பாக வைத்துக்கொண்டு, ஒரு சொட்டு படாமல் இறங்கினாள் பெண். அவர் மட்டும் சட்டையைப் பிழிந்துகொண்டே நடந்தார்.

மத்தியானம் பெரிய ரோலர் கோஸ்டருக்கு வந்தோம். அறிவிப்புப் பலகையைத் தலைமுதல் கால்வரை படித்தாள் மகள்.

"காலை ஊன்றி உடம்பைத் தாங்கிக்கணுமாம். என் காலுங்க ரெண்டும் நிரந்தர லீவாச்சே."

சொல்லிவிட்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் மேலே பார்த்திருந்தாள். ஒவ்வொரு வருஷமும் இந்தக் கொஞ்ச நேரம் உண்டு. பிறகு அவளாகவே, "சரி, அப்பா, நீங்க போய் அலறுங்க. நான் இங்கேருந்து கேக்கறேன்," என்றாள்.

முன்வாசலில் நாற்பது படி. அதனால் வீல்சேரோடு வருகிறவர்களை, சவாரி முடித்தவர்கள் இறங்கி வரும் வெளிவாசல் வழியாகத்தான் விடுவார்கள். எல்லாப் பூங்காவிலும் அநேகமாக இதே கதைதான். மற்றவர்கள் வரிசையில் நின்று ஏறப்போகிறவர்களின் பிடரியைப் பார்ப்பார்கள். நாங்கள் இறங்கி வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்போம். நான் வேலை செய்வது மூக்குக்கண்ணாடிக் கடையில். நாள் முழுக்க முகம் பார்த்துத்தான் பிரேம் எடுத்துக் கொடுக்கிறேன். ஆனால் அந்த வாசலில் வருகிற மாதிரி முகங்களைக் கடையில் பார்த்ததில்லை. முக்கியமாக, ஜோடியாக வருகிறவர்கள். தலை கலைந்து, கால் பின்னி, ஒருத்தரை ஒருத்தர் பார்த்து, "நீ கத்தினதைக் கேட்டேனே!" என்று சிரித்துக்கொண்டு வருவார்கள்.

எனக்கு வேண்டியது அது. அவ்வளவுதான்.

அவர் உள்ளே போனதும், வாசலில் நின்ற பொறுப்பாளர் பெண்ணிடம் சொல்லிவிட்டு, பத்தடி தள்ளியிருந்த குழாயில் பாட்டிலை நிரப்பப் போனேன். திரும்பினால், மகளைச் சுற்றி ஒரு சின்னக் கூட்டம்.

"முன் சீட்டா, பின் சீட்டா, எது நல்லது?" என்று, வரிசைக்குப் போகுமுன் இங்கே வேடிக்கை பார்க்க வந்த ஒரு தொந்திக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி அவர் சட்டையைப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தார்.

"பயம் இருந்தா நடு சீட்டு. கடைசி சீட்லேருந்து வர்றவங்கதான் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு வர்றாங்க. நான் பாத்துக்கிட்டே இருக்கேன்."

"கேட்டீங்களா? குழந்தையே சொல்லுது," என்றார் மனைவி.

"அத்தை, கண்ணாடியைக் கழட்டிப் பையில வெச்சிடுங்க. சாப்பிட்டு எவ்வளவு நேரமாச்சு, மாமா?"

"இப்பத்தான்..."

"அப்போ அரை மணி நேரம் கழிச்சு வாங்க."

பொறுப்பாளர் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். "இவளை நாளையிலேருந்து வேலைக்கு அனுப்பிடுங்கக்கா," என்று குழாயடியில் நின்ற என்னைப் பார்த்துக் கத்தினாள்.

பாட்டிலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். மகள் ஒரு தடவைகூட என்னைத் தேடித் திரும்பவில்லை. அடுத்து வந்தவர்களிடம் அதே பேச்சு, அதே அதிகாரம். நெஞ்சில் சுருக்கென்று ஏதோ தைத்தது. உடனேயே லேசாகவும் இருந்தது. அவளுக்கு நான் வேண்டும்தான். ஆனால் ஒவ்வொரு நிமிஷமும் வேண்டியதில்லை. அவள் எப்போதோ வளர்ந்துவிட்டாள். நான்தான் நான்கு வயதுக் குழந்தை ஒன்றை இன்னும் காவல் காத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

வண்டி வந்து நின்றது. வெளியே வந்தவர்களுக்கு நடுவில் என் கணவர். காய்ந்த சட்டை மறுபடி வேர்வையில் நனைந்திருந்தது. முடி காக்காய்க் கூடு.

"எப்படி?" என்றாள் மகள்.

"இயந்திரம் அருமையா ஓடுது. எண்ணெய்ப் பராமரிப்பு ஏ கிளாஸ்."

"அலறினது நீங்கதானே? இங்க வரைக்கும் கேட்டுச்சு."

"அது பக்கத்து சீட்டுக்காரர்." மகளிடம் நான் விட்டுவைத்திருந்த என் கைப்பையை வாங்கத் தயாராகக் கையை நீட்டியபடி என்னிடம் திரும்பினார். "உன் முறை. போயிட்டு வா."

நான் நகரவில்லை.

"என்னாச்சு? தலை சுத்துதா?"

"இல்ல." பாட்டிலை வீல்சேர்ப் பையில் செருகிவிட்டு, மகள் பக்கம் குனிந்தேன். "கண்ணு, ஒரு அஞ்சு நிமிஷம் இங்க தனியா இருப்பியா? இந்த அக்கா பக்கத்திலேயே நிக்கறாங்க."

"ஏன், நான் எங்க ஓடிடப் போறேன்?"

பொறுப்பாளர் பெண் திரும்பி நின்று சிரிப்பை அடக்கினாள். என்னால் அடக்க முடியவில்லை. மகள் என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கினாள். பிறகு அதிகாரத் தோரணையில் கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

அடுத்த வண்டிக்கு மணி அடித்தது. அவர் இன்னும் கையை நீட்டியபடியே, ஒன்றும் புரியாமல் நின்றிருந்தார்.

"என்னங்க," என்றேன். குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது. நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். "நான் தனியா போகமாட்டேன். எத்தனையோ வருஷமா கேக்கணும்னு இருக்கேன். என்கூட வந்து, என் பக்கத்துல உக்காருங்க."