படத்தில் இல்லாத தெரு

மவுஸ் பிடிக்கும் மணிக்கட்டில் துணிக்கட்டுப் போட்டுக்கொண்டு, அவள் கூரைகளைச் சுற்றிக் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். செயற்கைக்கோள் எடுத்த படத்தில் நான்கு மூலையைத் தொட்டால் ஒரு வீடு. ஒரு நாளைக்கு எண்ணூறு வீடு. ஆறு வருடமாக அதுதான் வேலை.

அந்த மாதம் படங்கள் வேறு மாதிரி வந்தன. சர்வரில் இடமில்லை என்று ஒவ்வொரு படத்தையும் முப்பதில் ஒரு பங்காகச் சுருக்கச் சொல்லிவிட்டார்கள். பெரிய மாடி வீடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சின்னத் தகரக் கூரைகள்தான் பக்கத்துச் சேற்றோடு கரைந்துபோயின. பக்கத்து நாற்காலிக்காரி, கண்ணில் பூ விழுந்துவிட்டதோ என்று இரண்டு தடவை போய் முகம் கழுவிவிட்டு வந்தாள்.

கால்வாய்க்கரைப் படத்தைத் திறந்ததும் அவள் கை நின்றது. அக்காவும் மாமாவும் அங்கேதான் பன்னிரண்டு வருடமாகக் குடியிருக்கிறார்கள். வளைவிலிருந்து செங்கல் சூளை வரை அறுபத்து மூன்று வீடு. திரையில் ஒன்றுகூட இல்லை. நடந்து பழகிய வழியை நினைத்து நினைத்து அத்தனையையும் வரைந்தாள்.

படத்தில் இல்லாத வீடுகளைக் கவனித்துவிட்டு மதியம் சூப்பர்வைசர் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை; அவள் மணிக்கட்டுக்குத் தைலம் வாங்கிக் கொடுத்தவர். சுருக்காத படத்தை எடுத்துப் பார்க்கச் சொன்னாள். சுருக்கிய கையோடு அசலை அழித்துவிட்டார்களாம்.

"எங்க அக்கா அங்கதான் சார் இருக்கா. நான் பொய்யா சொல்றேன்?"

"பொய்னு யாரு சொன்னா? படத்துல தெரியறதைத்தான் வரையணும். தெரியாததை வரைஞ்சா ரெண்டு பேருக்குமே வேலை போயிடும்மா."

அவளையே அழிக்கச் சொன்னார். அறுபத்து மூன்று முறை பொத்தானை அமுக்கினாள். அந்தத் துண்டு, காலி நிலத்துக்கு உரிய நிறத்துக்கு மாறியது.

இரண்டு மாதம் கழித்து மழை பிடித்தது. நான்கு நாள் விடவில்லை. கால்வாய்க்கு மேலே இருந்த ஏரி உடையும் நிலைக்கு வந்தபோது, எந்தப் பக்கத்து மதகைத் திறப்பது என்று அதிகாரிகள் இவர்கள் வரைந்து கொடுத்த வரைபடத்தைப் பார்த்தார்கள். வலப்பக்கம் வீடுகள். இடப்பக்கம், கால்வாய்க்கரையில், காலி நிலம். பகல் பதினொரு மணிக்கு இடப்பக்கம் திறந்தார்கள். அங்கே யாருக்கும் தகவல் சொல்லவில்லை.

அக்காவை ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருந்தார்கள். சேறு காய்ந்த புடவையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தையல் மெஷினை உயரத்தில் ஏற்றி வைக்கப் போன மாமா திரும்பவில்லை. இவள் பக்கத்தில் உட்கார்ந்து, படம் வந்ததிலிருந்து ஒன்று விடாமல் சொன்னாள்.

"எங்க வீட்டையும் நீதான் அழிச்சியா?" என்று கடைசியில் அக்கா கேட்டாள்.

"ஆமாக்கா."

அக்கா முந்தானையைப் போர்த்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திங்கட்கிழமை வெள்ளத்துக்குப் பிந்திய படம் வந்தது. சேத விவரம் கேட்டு, அவளுக்கே ஒதுக்கியிருந்தார்கள். கரை முழுக்க ஒரே தண்ணீர். ஒரே நிறமாக இருந்தால் படம் நன்றாகச் சுருங்கும்; தொட்டதும் திறந்துகொண்டது. தண்ணீரின் ஓரத்தைச் சுற்றிக் கோடு இழுத்து முடித்தாள். கீழே இருந்த கட்டம் தானாகவே நிரம்பியது: மூழ்கிய வீடுகள் – 0.